ஓராள் குறையுது

இஞ்சை பாரும் புனிதம், சிரியாதையும், உண்மையாத்தான் சொல்லுறன். முதல்நாள் நான் அந்தத் தண்ணியிலை விரலைத் தொட்டுச் சிலுவை போட்டு, முழங்காலிலையும் விழுந்தனான். வாசல்லை தண்ணித் தொட்டி இருந்தால் தீர்த்தத் தொட்டி எண்டுதானே எங்களுக்கு நினைப்பு வரும்? அது அவை கும்பிட முன்னம் கை கழுவுற இடம். யூதற்றை கோயில் எண்டு தெரிஞ்சுதான் வேலைக்குப் போனனான், ஆனால் கை தன்ரை பாட்டுக்குப் போட்டுது. அங்கை பொறுப்பா இருக்கிற கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சார். நீர் சைவக்காரி, உமக்கு அந்தக் கரைச்சல் இல்லை. நாளைக்கு எனக்குப் பதிலா வேலைக்குப் போகேக்கை செருப்பைக் கழட்டி வாசல்லை வைக்காமல் விட்டால் காணும்.

ஓம், சப்பாத்தோடைதான் உள்ளுக்குப் போறவை. தலையைத்தான் மூடவேணும். ஆம்பிளையள் தொப்பி இல்லாமல் நிக்க மாட்டினம். நீரும் தலைக்கு ஒரு ஃபுலார் துண்டு கட்டிக்கொண்டு போம். கேக்கமாட்டினம், எண்டாலும் ஒரு மரியாதை.

தேத்தண்ணி ஆறுது, குடியும். இந்தப் பாரிஸிலை, ரூ பெர்தொனேத் தெருவிலை இவன்ரை கடையிலைதான் வாயிலை வைக்கக்கூடிய தேத்தண்ணி.

இடமோ? லேசு. லா சப்பல்லை ஏறி பெல்வில்லை இறங்கும், மெற்றோ மாறத் தேவையில்லை. ஒரு பெரிய கதவு, அதுக்குள்ளை முற்றம், முற்றத்தின்ரை பின்பக்கம் கோயில். பாத்தால் கோயில் எண்டு சொல்லமாட்டீர், கூட்டுறவுக் கடை மாதிரி இருக்கும். வாசல்லை ஆரும் பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டும், கோவிக்காதையும். இந்த ஊரிலை அவையின்ரை கோயிலுக்குக் குண்டு வைச்சவங்கள் எல்லே. பயம் எண்டால் என்னெண்டு எங்களுக்குச் சொல்லித் தரவேணுமே?

பியட்றிஸ் அக்கா அனுப்பினவ எண்டு கிழவரிட்டைச் சொல்லும், அவர் எல்லாம் காட்டுவார். ஹீற்றரைப் போட்டு, கூட்டி, செபப் புத்தகங்களை ஆக்கள் இருக்கிற வாங்கு வாங்கா அடுக்கும். புத்தகம் கைதவறி விழுந்தால் எடுத்து ஒருக்காக் கொஞ்சிப்போட்டு வையும். அவை அப்பிடித்தான் செய்யிறவை. கிழிஞ்ச தாள் கிடந்தால் குப்பையிலை போட்டிடாதையும், மூலையிலை ஒரு பெட்டி இருக்கு, அதுக்குள்ளை போடும். நிறைஞ்சால் கொண்டுபோய்ச் சவக்காலையிலை புதைக்கிறவை. ஓம், புத்தகத்தைத்தான்! மனுசரைப் போலைதான்.

கும்பிடத் தொடங்கினால் நீர் திரைக்கு இஞ்சாலை, பொம்பிளையளின்ரை பக்கம் நிக்கலாம். இடையிலை எல்லாரும் எழும்பி, காலைச் சேர்த்து வைச்சுக்கொண்டு, வாய்க்குள்ளை ஒரு செபம் சொல்லுவினம். அந்த நேரம் ஆற்றையும் முன்னாலை குறுக்கை போகாதையும். வீடு எரிஞ்சாலும் அசையமாட்டினம். நெத்தியிலை வேதவசனம் வைச்ச சின்னக் கறுப்புப் பெட்டி, கையிலை தோல்வார் சுத்தியிருப்பினம், பாத்துப் பயப்பிடாதையும். இதெல்லாம் காலமையிலை. ஒரு நாளைக்கு மூண்டுதரம் கும்பிடுற ஆக்கள் பாரும், எங்கடை ஆக்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே பிந்தி வருவினம். கோயிலுக்கு ஓடி வரலாமாம், ஆனால் போகேக்கை ஓடக்கூடாதாம். விட்டிட்டு ஓடத்தான் வந்தவை எண்டு கடவுள் நினைச்சிடுவாராம்.

எல்லாத்திலும் பெரிய சட்டம் பத்து ஆம்பிளையள். பத்துப் பேர் சேராட்டில் சில செபங்கள் சொல்லேலாது. அதிலை ஒண்டு, செத்தவைக்காகச் சொல்லுற கதீஷ். பொம்பிளையள் கணக்கில்லை. அவையின்ரை மனிசிமாரையே அந்தக் கோயிலிலை எண்ணமாட்டினம், என்னை எண்ணுவினமோ? ஆக்களை ஒண்டு ரெண்டு எண்டு எண்ணவும் கூடாதாம். கிழவர் பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாக் குடுத்துக்கொண்டு போவார். வசனம் முடிஞ்சால் தொடங்கலாம்.

போனகிழமை வசனம் முடியேல்லை.

மெற்றோ கிறேவ், வேலைநிறுத்தம் எல்லே. நான் இஞ்சையிருந்து நடந்து போனனான். தூரத்துப் பொபினியிலை இருந்து வாற ஆக்கள் வரேலாமல் நிண்டிட்டினம். அண்டைக்கெண்டு மொசியே கப்லானின்ரை மனிசியின்ரை ஆண்டுத் திவசம். கப்லான் நல்ல மனுசன், பிள்ளை குட்டி இல்லை, மனிசி போனபிறகு கோட்டுக்குப் பொத்தான் தைக்கவும் ஆளில்லை. அந்தக் குளிருக்கை பொல்லை ஊண்டிக்கொண்டு நடந்து வந்திட்டார். கிழவர் வசனத்தைச் சொல்லுறார், கடைசிச் சொல்லுக்கு ஆளில்லை. திரும்பவும் சொல்லுறார். எங்காலை வரும்? கப்லான் தொப்பியைச் சரி பண்ணிறதும் கதவைப் பாக்கிறதுமா நிண்டார். வேலைக்குப் போறவை மணிக்கூட்டைப் பாக்கத் தொடங்கிட்டினம்.

எனக்குப் பொறுக்கேல்லை. கூட்டுற தும்புத்தடியைச் சாத்தி வைச்சிட்டு வெளியிலை ஓடினன்.

பக்கத்திலை யூதற்றை இறைச்சிக்கடை பூட்டிக் கிடக்குது. தெருவிலை ஒருத்தரை மறிச்சு, மொசியே, நீங்கள் யூதரோ எண்டு கேட்டன். அந்தாள் என்னைப் பாத்த பார்வை! இந்தப் பாரிஸிலை ஒரு கறுத்த மனிசி றோட்டிலை மறிச்சு அப்பிடிக் கேட்டால் ஆர்தான் பயப்பிடான்? ஆள் மற்றப் பக்கம் கடந்து போட்டுது.

அப்பத்தான் மொசியே ஃபெல்ட்மான் ஞாபகம் வந்தவர். அந்த முற்றத்திலையே, முன்பக்கம், தையல் மெஷின் திருத்துறவர். ஓம், எங்கடை சாரி பிளவுஸ் தைக்கிற பெட்டையள் எல்லாம் மெஷினைக் கொண்டுபோறது அவரிட்டைத்தான். நாளும் பொழுதும் எனக்குப் போன்ஜூர் சொல்லுவார். அவரும் யூதர்தான், ஆனால் பத்தடி தள்ளி இருக்கிற கோயிலுக்கு ஒருநாளும் வந்ததில்லை. கிழவர் முந்திக் கேட்டுக் கேட்டுக் களைச்சு விட்டிட்டார்.

நான் கதவிலை அடிச்சன். ஓராள் குறையுது மொசியே, வாருங்கோ எண்டன். என்ரை பிரெஞ்சு உமக்குத் தெரியுந்தானே, அதுதான் முழுப் பிரசங்கமும். மனுசன் தலை நிமிராமல், எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை மடாம் எண்டார், ஸ்குரூ முடுக்கியாலை மேலை காட்டிக்கொண்டு. கப்லானின்ரை மனிசிக்கு எண்டன். பாவம், நல்ல மனிசி எண்டு சொல்லிப்போட்டு, திரும்பவும் மெஷினுக்குள்ளை தலையைவிட்டிட்டார். எனக்கும் நாப்பது வருசத்துக்கு மேலை ஓராள் குறையுது, அதுக்கு ஆர் ஓடித் திரிஞ்சது எண்டு கேட்டார்.

எனக்கு விளங்கினதே அரைவாசி. நான் சொன்னன், நீங்கள் கும்பிட வேண்டாம், கதிரை மாதிரிச் சும்மா நில்லுங்கோ, காணும் எண்டு. கதிரையோ எண்டு கேட்டு மனுசன் சிரிச்சிட்டார். அவ்வளவுதான், சட்டைக்கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திட்டன். ஓம், ஆம்பிளையைத் தொடக்கூடாதுதான். உள்ளுக்கு நிண்டவை எல்லாரும் பாத்தவை, ஆனால் ஒருத்தரும் தடுக்கேல்லை. கிழவர் அவற்றை எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு, வசனத்தைச் சொல்லி முடிச்சார்.

ஃபெல்ட்மான் கதவடியிலைதான் நிண்டவர். புத்தகம் குடுக்க வாங்கேல்லை. சொன்ன மாதிரிக் கதிரைதான். பேந்து கப்லான் எழும்பிக் கதீஷைத் தொடங்கினார். நான் அதை ஒப்பாரி எண்டு நினைச்சிருந்தனான். இல்லையாம், செத்தவரைப் பற்றி அதிலை ஒரு சொல்லும் இல்லையாம், முழுக்கக் கடவுளைப் புகழுறதுதானாம். கப்லானுக்கு நடுவிலை சொல்லு தவறிப்போச்சு. அப்பக் கதவடியிலை இருந்து இன்னொரு குரல். ஃபெல்ட்மான்! முதல் மெதுவா, பேந்து சத்தமா, புத்தகமே இல்லாமல். கப்லான் அந்தக் குரலைப் பிடிச்சுக்கொண்டு விட்ட இடத்துக்கு வந்திட்டார். ரெண்டு பேருமாச் சொல்லி முடிச்சினம். எல்லாரும் ஆமென் எண்டினம். எங்கடை ஆமென்தான் பிள்ளை, அதே சொல். திரைக்கு இஞ்சாலை நிண்டு நானும் சொன்னன். அதுக்குப் பத்துப்பேர் கணக்கு ஒண்டும் இல்லைத்தானே.

முடிஞ்சபிறகு மனுசன் முற்றத்திலை வந்து சிகரெட் பத்தினார். அவற்றை தமையனை ரெண்டாம் உலகச் சண்டை நேரம், யூதன் எண்டு பொலிஸ் வந்து ஏத்திக்கொண்டு போனதாம். செத்துப்போனான் எண்டு கண்டு வந்து ஒருத்தரும் சொல்லேல்லையாம். அந்தச் செபத்தைச் சொன்னால் நான் அவனைச் சாக்காட்டின மாதிரி எல்லோ மடாம், அதுதான் இவ்வளவு காலமும் சொல்லேல்லை எண்டார். இப்ப எப்பிடி இருக்கு எண்டு கேட்டன். இவ்வளவு காலமும் அவனை வாசல்லையே நிக்க வைச்சிருந்தனான், இண்டைக்குத்தான் இருக்கச் சொன்ன மாதிரிக் கிடக்கு எண்டார். பேந்து கோப்பி இருக்கோ எண்டு கேட்டார். ரெண்டு கோப்பை குடிச்சவர்.

என்ன? நாளைக்கு நான் எங்கை போறன் எண்டோ? கோயிலுக்குத்தான், எங்கடை கோயிலுக்கு.

இல்லை, திருநாள் ஒண்டும் இல்லை. என்ரை மனுசனுக்குப் பூசை. உமக்குத் தெரியாதே? எண்பத்தினாலாம் ஆண்டு சீமேந்து வாங்க மன்னாருக்கு எண்டு வெளிக்கிட்டவர். பஸ்ஸும் வரேல்லை, ஆளும் வரேல்லை. ஆமி முகாம் முகாமாத் திரிஞ்சு கேட்டன், இஞ்சை இல்லை எண்டாங்கள். மாமி அங்கை இருந்து இப்பவும் செவ்வாய்க்குச் செவ்வாய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துறா, மகன் திரும்பி வரவேணும் எண்டு. அவ கொளுத்தட்டும், பூசையைப் பற்றி நான் அவவுக்கு ஒண்டும் எழுதேல்லை.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சுவாமியிட்டைப் போய்ச் சொன்னன். ஆற்றை ஆத்துமத்துக்கு எண்டு கேட்டார். கிறிஸ்தோப்பர் எண்டு சொன்னன். இவ்வளவு காலமும் வராத வாய் வந்திட்டுது, பிள்ளை. நாளைக்குக் காலமைப் பூசையிலை அந்தப் பேரைச் செத்த ஆக்களோடை சேர்த்து வாசிப்பார். வாசிக்கேக்கை நான் முன்வாங்கிலை இருக்கவேணும். அதுதான் உம்மைக் கேட்டனான்.