திரைக்குப் பின்னால் ஒரு ராணி

லூயிஷாம் போகும் ரயிலில் என் எதிரே ஐம்பது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும்.

"கொரியாவிலை ஒரு ராணி திரைக்குப் பின்னாலை இருந்து நாட்டையே ஆண்டிருக்கிறா," என்றார் மனைவி, போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ராசா என்ன செய்தவர்?"

"செத்துப்போனார். மகன் சின்னப்பிள்ளை. மந்திரிமார் வந்து கேப்பினம், இவ உள்ளுக்கிருந்து முடிவு சொல்லுவா."

கணவர் சிரித்தார். "எங்கட சங்கத்திலை நான் தலைவராயிருக்கிற மாதிரி."

"ஓம். ஆனா அந்தக் காலத்திலை பொம்பிளையள் முன்னுக்கு வரேலாது. இண்டைக்குத் தலைவர் தெரிவிலை நான் நிக்கப்போறன்."

கணவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். "அப்ப இந்தப் பேச்சு?"

"நான் எழுதினதுதானே, தாங்கோ."

கொடுத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "வாசிக்கிற கண்ணாடி கொண்டு வந்தனீரே?"