நடு நாற்காலி

இரவு மணி ஒன்றே முக்கால். செம்பூரிலிருந்து சயானுக்கு வரும் ரோடு. பகலில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் ஒரு நாய்கூட இல்லை... மன்சூர் அலி மட்டும் தன் பழைய ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். காலடியில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு பெட்டி.

நம் ஆஷிக்கின் தாய்மாமா அவர். ஆஷிக் இன்னும் வரவில்லை, அல்லவா? பிரியாணி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றான். அவன் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். அவன் முன்னால் இதை எடுத்தால் எழுந்து போய்விடுவான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதை இல்லை.

சுனாபட்டி பாலத்துக்கு முன்னால் ஒரு ஸ்பீட் பிரேக்கர். ஸ்கூட்டர் ஏறி இறங்கியது. பின்பக்கம்... கிரீச்.

மன்சூருக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். ஸ்கூட்டரின் பின் ஸ்பிரிங் தேய்ந்து போனது. தனியாக ஓட்டினால் வாயே திறக்காது. பின்னால் ஆள் உட்கார்ந்தால்தான் கத்தும். திரும்பிப் பார்த்தார். சீட் காலி. அடுத்த பிரேக்கர்... கிரீச். கூடவே, லேசாக, கிராம்பு வாசம்.

அந்தப் பெட்டி வந்த கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

மன்சூருக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. செல்லத்துரை அண்ணாச்சிக்குச் செம்பூரில் மளிகைக் கடை. இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், பாட்டு கேட்கிற பைத்தியம். ஸ்பீக்கர்கூட ஒரே நாளில், ஒரே மாதிரி ஆளுக்கொரு ஜோடி வாங்கினார்கள். அதுவரை சரி. அப்புறம் அண்ணாச்சி ஜப்பானிலிருந்து ஒரு 'டாக்' பெட்டி வரவழைத்தார். போனிலும் கம்ப்யூட்டரிலும் பாட்டு என்பது வெறும் எண்கள்தானே. அந்த எண்களை ஸ்பீக்கருக்கான சத்தமாக மாற்றுகிற பெட்டி அது. மன்சூரிடமும் ஒன்று இருந்தது, லேமிங்டன் ரோட்டில் மலிவாக வாங்கியது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அண்ணாச்சி வீட்டில், பாடகி பாடத் தொடங்குமுன் மூச்சை இழுப்பது கேட்கும். உதடு பிரிவது கேட்கும். மன்சூர் வீட்டில் அதே பாட்டில், அதே இடத்தில், வெறும் உஸ்.

மன்சூருக்கு வயிறு எரிந்தது. பெட்டியைவிட அதிகமாக எரித்தது நாற்காலி. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில், ஒரே ஓர் இடத்தில் உட்கார்ந்தால்தான் பாடகி நேர் எதிரே வந்து நிற்பாள். அந்த இடத்தில் ஒரு நாற்காலி. அதில் அண்ணாச்சி, கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடி. மன்சூருக்குப் பக்கத்துச் சோபா. அங்கே ஒரு ஸ்பீக்கர்தான் காதில் இரையும். நாலு வருடம், ஞாயிறு தவறாமல் போனார். ஒரு நாளாவது 'மன்சூரு, இன்னைக்கு நீ உக்காரு' என்று அந்த மனுஷன் எழுந்திருக்கவில்லை. கேட்க மன்சூருக்கும் வாய் வரவில்லை.

அதே நாற்காலியில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மாரடைப்பில் போனார் அண்ணாச்சி. துட்டி கேட்க வந்தவர்கள், 'கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது' என்று பேசிக்கொண்டார்கள். மன்சூர் தலையைக் குனிந்துகொண்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனவர், நடுநிசி தாண்டிக் கடைசி ஆள் கிளம்பும்வரை நாற்காலி அடுக்கிக்கொண்டு நின்றார். பிறகு அண்ணாச்சியின் மனைவி தங்கத்தாயிடம் மெல்லச் சொன்னார்.

"இந்தப் பெட்டில கரண்ட் லீக் ஆவுதும்மா. வீட்டுல வச்சா ஆபத்து. நான் ரிப்பேர் பண்ணித் தாறேன்."

பச்சைப் பொய். தங்கத்தாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பெட்டியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள்.

"கொண்டுபோங்க பாய். திருப்பித் தர அவசரமே இல்ல."

அப்படிக் கிளம்பி வந்த வழியில்தான் அந்தக் கிரீச்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டிவிட்டார். தாராவியில் பகலெல்லாம் மெஷின்கள் ஓடும், கரண்ட் ஏறி இறங்கும். நடுநிசி தாண்டினால்தான் பாட்டு சுத்தமாக வரும். பட்டறைக்கு மேலே தகரக் கூரை போட்ட அறை. சுவரெல்லாம் தோல் துண்டு ஒட்டியிருப்பார். நடுவில் அவரே தைத்த தோல் நாற்காலி, பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

பாட்டு போடுமுன் கை தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அண்ணாச்சியிடம் கற்றுக்கொண்டது. தன்னைத் தவிர ஆள் இல்லையென்றால், 'டப்' என்று தட்டிய பிறகு 'டிர்ர்' என்று ஒரு சின்ன வால் நீளும். இன்னோர் ஆள் இருந்தால் அந்த உடம்பு சத்தத்தைக் குடித்துவிடும், வால் வராது.

தட்டினார். டப்...

வால் இல்லை.

காற்று ஈரம் என்று நினைத்துக்கொண்டு பாட்டைப் போட்டார். மூச்சு கேட்டது. உதடு பிரிந்தது. நாலு வருடம் ஏங்கிய சத்தம். ஆனால் அவருக்கு நேரே இல்லை... பாடகி ஸ்டூலுக்கு எதிரே நின்று பாடினாள். டேப் வைத்து அளந்து ஸ்பீக்கரை நகர்த்தினார். பாட்டு நகரவில்லை. எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இப்போது பாட்டு நாற்காலிக்கு எதிரே. அவர் எங்கே உட்கார்ந்தாலும் பாடகி பக்கத்து இடத்துக்கே பாடினாள்.

இப்படியே மூன்று வாரம். காது டாக்டர், காது பக்கா என்று சொல்லிவிட்டார். மனைவி ஹபீபா படியில் நின்றே கேட்டாள்.

"மேல யாரு வந்திருக்கா? கிராம்பு வாசம் அடிக்கி. டீ ரெண்டா, ஒண்ணா?"

மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு செம்பூருக்கு ஓடினார். தங்கத்தாய் கிரில் கதவைத் திறக்கவில்லை.

"பெட்டி நல்லாத்தான் இருக்கும்மா. நான் பொய் சொன்னேன்."

"தெரியும் பாய். அவுககிட்ட ஒரு வார்த்த பேசணும்னா நான் பாட்டு முடியுற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கணும். அந்தப் பெட்டிக்கு மூச்சு விடத் தெரிஞ்சுது, எனக்குத் தெரியலபோல. செத்த பொறவும் அந்தப் பெட்டி முன்னாலதான் இருந்தாக. நீங்க கேட்டீக. குடுத்துவிட்டேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் திரும்பிக் கை தட்டினாள். டப்... டிர்ர்.

"கேட்டீகளா? இப்பந்தான் வீடு எனக்குன்னு ஆயிருக்கு. கொண்டுபோங்க."

கதவு மூடிக்கொண்டது.

நீங்களோ நானோ என்றால் அந்தப் பெட்டியை மாஹிம் கடலில் எறிந்திருப்போம். மன்சூர் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். அவருக்குப் பயம் இருந்தது. பொறாமை அதைவிடப் பெரிதாக இருந்தது. செத்தவன் கேட்கிற பாட்டை ஒரு தடவை, ஒரே தடவை, தானும் கேட்டுவிட வேண்டும்.

மாதங்கள் போயின. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, தன் காதை நம்ப முடியாமல் ஆஷிக்கைக் கூப்பிட்டார். ஆஷிக் அப்போது இதையெல்லாம் நம்பாதவன். சிரித்துக்கொண்டே நடு நாற்காலியில் உட்கார்ந்தான். பாட்டு ஓடியது.

"நடுவுலதான் கேக்குது மாமா. ஏக்தம், சரியா நடுவுல. மூச்சு நெத்தில படுது."

மன்சூர் அவனை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார். பாட்டு பக்கத்துக்குப் போய்விட்டது. திரும்ப ஆஷிக்கை உட்கார வைத்தார். நடுவில் வந்து நின்றது.

மன்சூரின் முகம் கறுத்துவிட்டது. ஆஷிக்கைப் பார்க்கவில்லை. பக்கத்து ஸ்டூலைப் பார்த்துப் பேசினார்.

"இவனுக்கு மட்டும் எந்திரிச்சு எடம் குடுக்குற. நாலு வருசம் எனக்குக் குடுக்கலியே, செல்லத்துர."

ஆஷிக்குக்குச் சங்கடமாகிவிட்டது. கடைசி ட்ரெயின் போயிருந்தது. மாமா ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார். படி இறங்கும்போது, மாமாவைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று, அந்த மடையன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான்.

"அண்ணாச்சி, வாறீகளா? செம்பூர் வழியாத்தான் போறேன். விட்டுர்றேன்."

மாமா சிரிக்கவில்லை.

சுனாபட்டி பாலம். ஸ்பீட் பிரேக்கர். கிரீச்.

ஆஷிக் வண்டியை ஓரமாக நிறுத்தினான். அதே நேரம் போன் அடித்தது. மாமா. ஹலோ சொல்லவில்லை. முதலில் ஒரு சத்தம்தான் வந்தது. டப்... டிர்ர்.

"கேட்டியால? வால் வருது. ரூம் காலி."

"நல்லதுதான மாமா. இப்பப் பாட்டுப் போடுங்க. நடுவுல வரும்."

"போட்டேன். நடுவுலதான் வருது." பின்னால் பாட்டு லேசாக ஓடியது. "மூச்சு கேக்கல. வெறும் உஸ்ஸுங்குது... ஆஷிக், அவன் ஒங்கூடயா வந்துட்டான்?"

அந்தக் குரலில் பயம் துளிகூட இல்லை என்கிறான் ஆஷிக். 'என்கிட்ட இருந்ததை நீ எடுத்துட்டுப் போயிட்டியே' என்கிற எரிச்சல்தான் இருந்ததாம். இன்றைக்கும் வாரம் ஒரு முறை போன் செய்து, இருக்கானா என்று கேட்கிறார். ஆஷிக் உடனே போனை வைத்துவிடுகிறான். செம்பூரில் அன்றைக்கே வண்டியை நிறுத்தி, தங்கத்தாய் வீட்டு வாசலில் பத்து நிமிடம் நின்று பார்த்தானாம். உள்ளே கை தட்டும் சத்தமும் அந்த வாலும் மட்டும் கேட்டதாம். வண்டியிலிருந்து யாரும் இறங்கவில்லை.

மாமாவின் ஸ்கூட்டரைத்தான் இன்னும் ஓட்டுகிறான். பின் ஸ்பிரிங்கை இரண்டு தடவை மாற்றிவிட்டான், கடைசியாகப் போன வாரம்...

இருங்கள். பேசாதீர்கள். கீழே வாசல் கேட்டுக்கு முன்னால் சாக்கடைப் பலகைமேல் ஒரு வண்டி ஏறுகிறது.

கேட்டதா?

தனியாகத்தான் வருகிறேன் என்று போனில் சொன்னான்.