கிணற்று மூடிமேல் ஏழு தொட்டிகள்

கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் வாசலில் புல்தரை போட ஆசைப்படக் கூடாது, ஐயா. உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் அது பழைய துடைப்பம் மாதிரி ஆகிவிடும். முப்பது வருடமாகத் தோட்டம் போடுகிறேன், இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். மேஸ்திரியின் மனைவி மட்டும் சொன்னவுடன் கேட்டுக்கொண்டாள். கூழாங்கல் பரப்பலாம், ஓரத்தில் காற்றைத் தாங்குகிற புதர்ச்செடி வைக்கலாம், நடுவில் உட்கார ஓர் இடம் செய்யலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அப்படிப்பட்டவர்களிடம் வேலை செய்வது ஒரு சுகம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் வீட்டைக் கட்டியவன் மேஸ்திரிதான். அதன் பால்கனி இரண்டு வருடத்துக்கு முன்பு இடிந்து விழுந்தது. கீழே என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே போய்விட்டாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கடல் மணலில் கலவை போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிக் காங்கிரீட்டைப் பிளந்துவிடும். அவன் கடல் மணலைத்தான் போட்டான். நான் பார்க்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். நீதிமன்றத்தில் ஒரு பொறியாளர் வந்து, மணலில் உப்பே இல்லை, பால்கனியில் அடுக்கியிருந்த பூந்தொட்டிகளின் பாரமும் ஓயாமல் ஊறிய தண்ணீரும்தான் காரணம் என்றார். ஒரே தொழில்காரர்கள், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுப்பார்களா? மேஸ்திரி கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நான் அவனைத் தேடிப் போகவில்லை. அவன்தான் வந்தான். வாசல் தோட்டத்தை மாற்றிப் போட வேண்டும், நீங்களே செய்யுங்கள் என்றான். நான் வேலைக்குப் போகாமல் முடங்கிக் கிடப்பதைக் கேள்விப்பட்டு, மனசு கேட்காமல் அவன் மனைவிதான் அனுப்பியிருக்கிறாள். முதல் நாள் அவளே டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"அண்ணா, எங்க மேல மனஸ்தாபம் ஒண்ணும் இல்லையே?"

"அதெல்லாம் இல்லம்மா. நடந்தது நடந்துபோச்சு" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது.

வாசல் நடுவில் ஒரு பழைய கிணறு. தண்ணீர் உப்பாகிப்போனதால் மேஸ்திரியே தன் கையால் காங்கிரீட் மூடி போட்டு அடைத்திருந்தான். இருபது வருடத்து மூடி. அவன் போட்டது என்றால் அதிலும் கடல் மணல்தான் இருக்கும், பாரம் ஏற்றினால் ஒரு வருடம்கூடத் தாங்காது என்று கணக்குப் போட்டேன். உட்காரும் இடத்தை அதன்மேல் வரைந்தேன். ஒரு கல் பெஞ்சு, சுற்றி ஏழு பெரிய தொட்டிகள், அவற்றில் நிழலுக்குச் செடி.

மேஸ்திரி படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "ஆள் நடக்கிற பாரம்தான் அது தாங்கும். கல் பெஞ்சு வேணாமே" என்றான். சரி என்று மரப்பெஞ்சாக மாற்றினேன். தொட்டிகளில் மண் போட மாட்டேன், வெறும் தேங்காய் நார்த்தூள்தான் என்றேன். ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தான். பஞ்சு மாதிரி வந்தது. திருப்தியாகப் போய்விட்டான்.

அதன் பிறகு பராமரிப்புக்கென்று வாரம் இரண்டு நாள் போனேன். ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டியில் கொஞ்சம் நார்த்தூளை அள்ளிவிட்டுக் களிமண்ணை நிரப்பினேன். நாலு மாதம் ஆனது. நான் வராத நாட்களில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொல்லி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் தவறாமல் ஊற்றினாள், பாவம். மூடியில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது. அதன்மேல் இரண்டு கை கூழாங்கல்லை அள்ளிப் போட்டேன். தோட்டம் அவ்வளவு அழகாக வந்திருந்தது, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

நான் மேஸ்திரியைக் கொல்ல நினைத்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். அவன் வாசலில் உட்காருகிற ஆளே இல்லை. மாலை ஐந்து மணிக்கு வந்து உட்காருகிறவள் அவள். எந்தப் பக்கம் பார்த்து உட்காரப் பிடிக்கும், சாய்மானம் வேண்டுமா என்று எல்லாம் அவளைக் கேட்டுத்தான் பெஞ்சு செய்தேன். செத்தவனுக்கு என்ன வலி தெரியும்? அவன் இருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தனியாக உட்கார வேண்டும்.

அன்றைக்கு நான் ஓரத்துச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். அவள் உட்காரப் போனவள், கால் வைத்ததும் நின்றாள்.

"அண்ணா, அடியில ஏதோ விரியற மாதிரி சத்தம் கேக்குதே?"

"தண்ணி வடியற சத்தம்மா. உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தாள்.

மேஸ்திரி உள்ளேயிருந்து ஓடிவந்து கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான். நாற்பது அடி ஆழத்துக்கு ஒருவன் கையை நீட்டுகிறான். கொஞ்ச நேரம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. குழாயை மூடிவிட்டு, நானேதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

இப்போது இந்தக் காகிதத்தைக் காட்டுகிறீர்கள். மூடியை உடைத்துப் பரிசோதித்தார்களாம். நல்ல ஆற்று மணலாம், உப்பு துளியும் இல்லையாம், கம்பியும் சரியாகவே கட்டியிருக்கிறானாம். இருக்கட்டும். தன் வீடு என்றால் எவனும் நல்ல மணல்தானே போடுவான்?

அப்படியென்றால் மூடி எப்படி உடைந்தது என்று என்னிடமே கேட்கிறீர்கள். இதில் என்ன சந்தேகம்? மணல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஏழு தொட்டி ஈரமண்ணை ஏற்றி வைத்து நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினால் எந்தக் காங்கிரீட்டும் ஒரு நாள் உடைந்துவிடும். நான்தான் ஏற்றினேன். நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? என் வீட்டுப் பால்கனி விஷயம் வேறு, ஐயா. ஒழுகுகிறது, தொட்டிகளைக் கீழே இறக்குங்கள் என்று என் மனைவி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவை சின்னத் தொட்டிகள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டுதான் இருந்தன.