சீப்பில் வந்தது

தெல்மிக்குச் சின்ன வயதிலிருந்தே சாப்பாடு பிடிக்காது, டாக்டர். சோள ரொட்டியைக் கையில் கொடுத்தால் பாதியை அப்படியே வைத்துவிடுவாள். வயிற்றை அறுத்தவர்களிடமும் இதைத்தான் சொன்னேன். நீங்கள் மனசைப் பார்க்கிறவர், உங்களுக்குப் புரியும்.

அவளுக்கு நான்கு வயதாகும்போது நான் காய்ச்சலில் சாகக் கிடந்தேன். பிழைத்தால் மகளின் கூந்தலைத் தருகிறேன் என்று சிலுவை சுமக்கும் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டேன். எங்கள் ஊர் ஆன்டிகுவாவில் அவர் சிலைக்கு மனிதர் முடிதானே வைப்பார்கள். தெல்மியுடையது தேன் நிறம், எடுப்பாக இருக்கும். நான் பிழைத்தேன். இனி முடி இடுப்பைத் தொடும்வரை கத்தரி படக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பேன் தொற்றும் என்று பள்ளியை நிறுத்தினேன். தெருப் பிள்ளைகள் பிடித்து இழுப்பார்கள் என்று கதவைப் பூட்டினேன். வெயிலில் நிறம் வெளுக்குமே என்று ஜன்னலையும் சாத்தினேன். ஒரு நாள்கூட அடித்ததில்லை.

பிறகு சடை நுனியைச் சப்ப ஆரம்பித்தாள். சடையைத் துணியில் சுற்றிச் சட்டை முதுகோடு தைத்தேன். காதோரத்தில் பிடுங்கித் தின்றாள். சந்தைக்குப் போகும்போது கைகளை நாற்காலியோடு சால்வையால் கட்டினேன். மெத்தென்ற சால்வை, தடம் விழாது.

"வெட்டிடும்மா, தலை கனக்குது" என்பாள்.

"ஆண்டவருக்குன்னு சொன்னதைத் திருப்பிக் கேப்பியாடி?"

அப்புறம் அவள் கேட்கவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் சந்தையில் இருந்த நேரம், வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தவளை என் தங்கை ஒதிலியா கதவை உடைத்து இந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறாள். வயிறு முழுக்க முடி உருண்டையாம். அதை எடுத்த பிறகு, ஒதிலியா இங்கேயே கத்தரிக்கோலால் சடையையும் வெட்டிப் போட்டுவிட்டாள். தெல்மி சிரித்தாளாம். எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது.

"வேண்டிக்கிட்டது நீ, பொழச்சது நீ. உன் முடிதான் முட்டி வரைக்கும் தொங்குதே அக்கா, அதைக் கொடுத்தா கொறஞ்சா போயிடுவே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

பிள்ளையை என்னோடு அனுப்பலாமா என்றுதானே யோசிக்கிறீர்கள். அனுப்புங்கள். முடி வளர்ந்துவிடும். வேண்டுதல் அப்படியே இருக்கிறது.

அந்த உருண்டையில் நீளமான கறுப்பு முடியும் இருந்ததே, யாருடையது என்றீர்கள். என்னுடையது. அவள் தன் சடையைத் தொடாமல் இருக்கட்டும் என்று, தினமும் காலையில் என் சீப்பில் வந்ததைச் சுருட்டி நானே அவள் வாயில் வைப்பேன். என் முடியை நான் கொடுக்கவில்லை என்று ஒதிலியா எப்படிச் சொல்லலாம்?