அண்ணன் வைத்த சுருதி

ஹவாய்த் தீவில் எங்கள் ஊரான ஹீலோவில் மழை விட்டு நிற்பது அபூர்வம். அந்த ஈரத்துக்கு, சின்ன கிதார் போன்ற யுகுலேலேயின் நான்கு தந்திகளும் தாமாகவே கொஞ்சம் இறங்கும். முதலில் அதைத்தான் நான் சாக்காக வைத்துக்கொண்டேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். மறைக்க எதுவும் இல்லை.

கைப்போ என் அண்ணன். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டிலேயே இருந்தோம். ஊரில் எந்த விருந்தானாலும் அவர் வாசிப்பார், நான் பாடுவேன்.

எல்லோரும் வைக்கும் சுருதி அவருக்குப் போதாது. ஒரு தந்தியைத் தளர்த்துவார், இன்னொன்றை ஏற்றுவார். விரல் வைக்காமலே மீட்டினாலும் நான்கும் இழைந்து ஒலிக்கும்வரை தந்தி முறுக்கும் பிருடைகளை விடமாட்டார். கண்டுபிடித்ததைக் குறித்தும் வைக்கமாட்டார். காதில் இருக்கிறது என்பார்.

ஹொனலுலுவிலிருந்து வந்த நோயலானி என்ற பாடகி அதைக் கேட்டுவிட்டு, தன் குழுவில் சேரும்படி அவரை அழைத்தாள்.

"ஒரு வருஷந்தான்டா காவிகா. சமாளிச்சுக்க மாட்டியா?" என்று அண்ணன் கேட்டார்.

சமாளிப்பேன் என்றேன். எனக்குக் கோபமே இல்லை.

அவர் மீன் வாங்கப் போன நேரத்தில் ஒரு பிருடையை லேசாகத் திருப்பினேன். திரும்பி வந்து மீட்டியவர் முகம் சுளித்தார். மறுநாள் வேறொரு தந்தி.

"நானா இப்படி வெச்சேன்?"

"நீங்கதானேண்ணே நேத்து இதுதான் சரின்னு சொன்னீங்க."

எங்கள் அப்பாவுக்கு மறதி நோய் பாடுவதில்தான் தொடங்கியது. முதலில் ஒரு வரி போயிற்று, பிறகு எங்கள் பெயர்கள். அண்ணன் அதைப் பற்றிப் பேசவேயில்லை. ஆனால் வாசிப்பதற்கு முன்னால் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். தூக்கம் கெட்டது. அடுப்பை அணைக்க மறந்தார். அதில் ஒன்றிரண்டு முறை நிஜமாகவே மறந்ததுதான். மருத்துவரிடம் எல்லாவற்றையும் நான்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அண்ணன் என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வர முடியாது என்று நோயலானிக்குப் போன் செய்ததும் அவரேதான். நான் வற்புறுத்தவில்லை.

இப்போது பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். மாத்திரை மயக்கத்தில் பாதி நாள் தூக்கம். ஞாயிறுதோறும் அவருக்குப் பிடித்த சேப்பங்கிழங்குக் கூழ் கொண்டுபோவேன். அவர் சாப்பிடும்போது வாத்தியத்தைத் துடைத்து வைப்பேன். ஒரு பிருடையையும் திருப்பி வைப்பேன். பழக்கமாகிவிட்டது.

போன வாரம் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீதான் திருப்புறே. இல்லையாடா?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள்.

"அப்பாவும் கடைசியில இப்படித்தான் எல்லாரையும் சந்தேகப்பட்டாரும்மா" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னேன். அன்றே மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

நேற்று போனபோது அண்ணன் அழுதார். வார்த்தைகள் குழறின. "உன்னைப் போயி அப்படிச் சொல்லிட்டேனேடா தம்பி" என்றார்.

அவரை நான் மன்னித்துவிட்டேன்.