ஐந்து கிலோமீட்டர் வேகம்

ஜூன் மாதம், எங்கள் பக்கம் அது குளிர்காலம். சாயங்காலம் ஐந்தே முக்கால். பூலிகல் சாலை... அந்த நேரத்தில் அங்கே ஈ காக்கா இருக்காது. நெருப்புக்குக் கிட்டே வந்து உட்காருங்கள். சிரிக்கிறவன் எழுந்து போய் விறகு கொண்டு வரட்டும், கதை அவனுக்கு இல்லை.

இது என் கொழுந்தியாள் டாம்சினுக்கு நடந்தது. அப்போது அவள் புதுப் போலீஸ். வண்டிகளின் வேகத்தை அளக்கிற ரேடார் பயிற்சி. கற்றுக்கொடுத்தவர் சார்ஜென்ட் டெஸ் ப்ரௌஸ். வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு இருவரும் உள்ளே. நனைந்த உப்புச்செடிப் புதர்களின் வாசனை. எலும்பைக் குடைகிற குளிர்... ஆனால் ஹீட்டரைப் போட விட மாட்டார் மனுஷன்.

அவருடைய பாடம் ஒன்றுதான். முதலில் கண், அப்புறம் காது, கடைசியில் நம்பர். வண்டியைப் பார்த்து வேகத்தை வாயால் சொல்ல வேண்டும். பிறகு ரேடார் எழுப்பும் ஒலியைக் கேட்க வேண்டும். வேகம் கூடினால் கீச்சென்று ஏறும், குறைந்தால் உறுமலாக இறங்கும். அதற்கப்புறம்தான் திரையைப் பார்க்கலாம்.

ஒரு பிக்-அப் வண்டி வந்தது. “நூத்தி அஞ்சு,” என்றாள். திரையில் நூற்று ஏழு.

“பரவாயில்லையே. உங்க அப்பாவுக்குக் கண்ணு இப்படி இருந்திருந்தா என் வேலிய இடிச்சிருக்க மாட்டாரு,” என்றார் டெஸ்.

சிரித்தார்கள். “சரி, நம்பர் வருது, வண்டி கண்ணுல படல. என்ன பண்ணுவ?”

“அழிச்சிடணும், சார்ஜென்ட். காத்தா இருக்கும், இல்ல ஹீட்டர் ஃபேனா இருக்கும்.”

டெஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏனென்று ஊருக்கே தெரியும். நான்கு வருடம் முன்பு, இதே ஜூன், இதே இடம். டெஸ் வேறொரு பையனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மெல்லிய உறுமல்... திரையில் ஐந்து. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. “ஹீட்டர் காத்துதான். அழிச்சிடு,” என்றார். மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

காலையில் சாலையோரம் கிடந்த உடலை ஆட்டு லாரிக்காரன் கண்டான். டெஸ்ஸின் மகள் பிரைடி. கங்காருவுக்கு ஒதுங்கிக் கார் பள்ளத்தில் உருண்டிருக்கிறது. விலா ஒடிந்த உடம்போடு, தூரத்தில் தெரிந்த போலீஸ் விளக்கைப் பார்த்து நடந்திருக்கிறாள். போலீஸ் வண்டிக்கு இருநூற்றெண்பது மீட்டர் மிச்சம் இருக்கையில், சாலையோர வெள்ளைக் கம்பம் ஒன்றின் அருகே விழுந்திருக்கிறாள். நாடாவைப் பிடித்து அளந்தது டெஸ்தான். எந்த அப்பனுக்கும் அந்த வேலை வரக் கூடாது.

இது டாம்சினுக்கும் தெரியும். ஆனால் இது அந்த இடம் என்று தெரியாது.

ஆறு மணி. உறுமல் கேட்டது... மெதுவாக. நிற்கும். மறுபடி வரும். திரையில் ஐந்து. சாலையில் ஒன்றுமில்லை.

“ஒண்ணும் தெரியல, சார்ஜென்ட்,” என்று அழிக்கப் போனாள்.

“கைய எடும்மா.”

ஐந்து... ஐந்து... நான்கு. இழுத்து இழுத்து நடக்கிற வேகம். அப்புறம் சட்டென்று அமைதி. டெஸ் அழுதுகொண்டிருந்தார்.

“என் பிரைடிதான். வருஷா வருஷம் இதே நாள்ல வருவா, அந்த வெள்ளக் கம்பத்துக்கிட்ட நின்னுடுவா.”

“நீங்க போய்ப் பாத்ததே இல்லையா?”

“போய்ப் பாத்து அங்க ஒண்ணுமே இல்லன்னா? இந்தச் சத்தமாவது மிச்சமிருக்கு எனக்கு.”

அந்த நேரம் பயத்தைவிடத் துக்கம்தான் அதிகம் என்றாள் டாம்சின் என்னிடம்.

“அவ நடந்தது போதும், சார்ஜென்ட். நாம போவோம்.”

வண்டியை எடுத்தாள். ஊர்ந்துதான் போனாள். கம்பத்தருகே நிறுத்தினாள். டெஸ் இறங்கினார். பின்கதவைத் திறந்து பிடித்தார்.

“ஏறும்மா பிரைடி. அப்பாவால நேரமாயிடுச்சி.”

காற்று இல்லை. இலை அசையவில்லை. ஓர் ஆள் ஏறி உட்காருகிற நேரம் கதவைப் பிடித்திருந்தார். குழந்தை தூங்குகிற அறைக் கதவைப் போல மெல்லச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

பின்சீட்டில்... பெல்ட் இழுபடும் சத்தம். க்ளிக்.

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பது கிலோமீட்டர். டெஸ் மட்டும் ஒரு கையைத் தோளுக்கு மேலே, பின்னால் நீட்டியபடியே வந்தார்.

அவர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பிரைடியின் அம்மா கிளெனிஸ் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. டெஸ் தன் பெல்ட்டைத் தொடவில்லை, டாம்சினும் தொடவில்லை.

பின்சீட்டில் பெல்ட் கழன்றது.