முதலில் காற்று வரும்

உங்கள் ஸ்டேஷனின் பின்பக்கக் குழாய் சொட்டுகிறது சார். உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். ஒரு ஸ்பேனர் கொடுத்தால் பேசிக்கொண்டே மாற்றிவிடுவேன். வேண்டாமென்றால் சரி. ஆனால் நான் நின்றுகொண்டே சொல்கிறேன். கொஞ்ச நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்துபோய் அடுக்களைக் குழாயைத் திறந்து மூடிவிட்டு வருகிறேன். ஏன் என்று வீட்டில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

பெயர் சீனிவாசகம். விருதுநகர்க்காரன். பழைய கட்டடங்களில் துருப்பிடித்த குழாய்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது என் தொழில். லாட்ஜ், ஜவுளிக்கடை, அச்சகம் என்று இந்தப் பக்கம் நிறையச் செய்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, என் வேலையில் கசிவு இருக்காது. மற்றவர்கள் லைன் போட்ட சுவரில் அடுத்த மழைக்குள் ஈரம் பூத்துவிடும். "சீனிவாசகம் போட்ட லைனா, அப்ப சொவத்துல கையை வச்சுப் பாக்க வேண்டாம்" என்பார்கள். அப்படி ஒரு பெயர் வாங்குவது லேசில்லை. வாங்கியபின் அதைக் காப்பாற்றுவதுதான் முழுநேர வேலை.

சிவகாசியில் அப்துல் ஹக்கீம் பாயின் கட்டடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இப்போது கரி பிடித்து நிற்பதைத்தான் பார்த்தீர்கள். அப்போது நன்றாக இருந்தது. கீழே பேப்பர் குடோன். முதல் மாடியில் அச்சு மிஷின்கள். இரண்டாம் மாடியில் பெண்கள் உட்கார்ந்து காலண்டர் விளிம்புக்குத் தகரம் அடிக்கும் கூடம். மொட்டை மாடியில் சிமெண்டுத் தொட்டி. எல்லாம் பாயின் அத்தா கட்டியது. பழைய குழாய் ஒன்றை அறுத்துக் காட்டினேன். உள்ளே துரு அடைத்து, சுண்டுவிரல்கூட நுழையவில்லை. பாய் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுலயா இம்புட்டு நாளா தொழுகைக்குக் கை கால் களுவி ஒளுச் செஞ்சோம்" என்றார். மொத்தத்தையும் மாற்றச் சொன்னார். 2007-ஆம் வருஷம், காலண்டர் சீசன் சூடுபிடிப்பதற்கு முன்னால்.

கூடவே இன்னொரு வேலை. தீப்பிடித்தால் அணைக்க, தொட்டியிலிருந்து தனியாக ஒரு சிவப்புக் குழாய் இறங்க வேண்டும். ஒவ்வொரு மாடிப்படிக்கருகிலும் சக்கரம் வைத்த வால்வு, அதில் ஒரு ஹோஸ். அது இருந்தால்தான் லைசென்ஸ் என்று சொல்லியிருந்தார்கள்.

மற்ற லைன்களை எல்லாம் சுத்தமாக முடித்தேன். சிவப்புக் குழாயையும் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போல் இறக்கினேன். கடைசியில் தொட்டியின் அடியில் துளை போட்டு இணைக்க வேண்டும். உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் சத்தம் சரியில்லை. உள்ளே சிமெண்டு பொரிந்து போயிருந்தது. துளை போட்டால் விரிசல் விடும். விரிசல் விட்டால் தொட்டியையே இடித்துக் கட்ட வேண்டும், சீசன் நேரத்தில் கட்டடம் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் கிடக்கும். ஒட்டுப் போட்டுச் சமாளித்தால் கசியும். யார் வேலை என்று கேட்பார்கள்.

அன்று தொட்டி ஓரமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதெல்லாம் என்னால் உட்கார முடிந்தது. பிறகு துளை போடாமலேயே சிவப்புக் குழாயின் மேல்முனையில் ஒரு மூடியை மாட்டித் திருகினேன். டேப் சுற்றி, இறுக்கமாக. யாரிடமும் சொல்லவில்லை. சீசன் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலியான குழாய் கசியாது, சார்.

லைசென்ஸுக்காக ஆபீசர் பார்வையிட வந்த அன்று காலையில் மூடியைக் கழற்றி, குடத்தில் தண்ணீர் மொண்டு மேலேயிருந்து ஊற்றிக் குழாயை நிரப்பிவைத்தேன். அவர் கீழ்த்தள வால்வைத் திறந்தார். தண்ணீர் பீறிட்டு அவர் பூட்ஸை நனைத்தது. துள்ளிக் குதித்து விலகினார். பாய் சிரித்துக்கொண்டே, "ஆபீசர் குளிச்சுட்டுத்தான் போவாக போல" என்றார். அவரும் சிரித்துவிட்டு மூடச் சொன்னார். இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் தண்ணீர் தானாகவே நின்றிருக்கும். யாரும் பொறுக்கவில்லை. மீதியை நான் பிறகு வடித்துவிட்டு மறுபடியும் மூடியைப் போட்டேன்.

மாடிக்கு ஒருவருக்கு வால்வைத் திறக்கச் சொல்லிக்கொடுக்கும்படி பாய் சொன்னார். இரண்டாம் மாடியில் இருளம்மாள் தானாகவே முன்வந்தாள். ஆமத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். முன்பு தாயில்பட்டியில் பட்டாசு வேலை பார்த்தவள். வெடிமருந்துக்குப் பயந்து பேப்பர் வேலைக்கு வந்திருந்தாள்.

காகிதம் இருக்கும் இடம் என்று சொல்லி, திறக்காமலேயே கற்றுக்கொடுத்தேன். "இந்தப் பக்கமாத் திருகணும். முதல்ல காத்துதான் வரும். புஸ்ஸுன்னு சத்தம் கேக்கும். பயந்து விட்டுட்டு ஓடிறக் கூடாது. பின்னாலயே தண்ணி வரும்."

"அது தெரியாதா அண்ணாச்சி? எங்க தெருக் குளாயில அதானே நடக்கு. காத்து வந்தாலே குடத்தைத் தூக்கிட்டு ஓடியாருவோம்" என்றாள்.

பக்கத்தில் தகரம் அடித்துக்கொண்டிருந்த தங்கத்தாய், "ஏக்கா, கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிறவ மாதிரி நிக்கியே" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு.

"சிரிளா, சிரி. உன் சேல பத்துனா நாந்தான் வந்து அணைக்கணும்."

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் வேலைக்கு உட்காருமுன் அந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பாளாம். ஒருமுறை நான் போயிருந்தபோது பக்கத்தில் வந்து, "ஒரு தடவ திறந்து பாத்துருவமா அண்ணாச்சி? பட்டாசுல வாசலுக்கு வாசல் தொட்டியில தண்ணி கண்ணுல தெரியும். இது உள்ள இருக்கா இல்லயான்னே தெரிய மாட்டேங்கு" என்றாள்.

"பேப்பர் நனைஞ்சா பாய் உன்னையும் தொலைச்சுருவாரு, என்னையும் தொலைச்சுருவாரு" என்றேன்.

"அதுவுஞ் சரிதான்" என்று போய்விட்டாள். சொன்னதைக் கேட்கிற பெண்.

தீப்பிடித்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். மொட்டை மாடியில் தொட்டி மிதவையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். முதல் மாடியில் மை துடைக்கும் திரவம் பற்றிக்கொண்டது. மிஷின் ஆட்கள் கீழே ஓடினார்கள். நான் இறங்கிவரும்போது இரண்டாம் மாடிப் பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கத்தாய்தான் கடைசி. இருளம்மாள் மட்டும் ஹோஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் காட்டிய பக்கமாகத்தான் திருகினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. புஸ்ஸென்று, நீளமாக. அது என்னவென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கீழேயிருந்த தீயில் குழாய் சூடாகி, உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியேறுகிறது. அவ்வளவுதான். அதற்குப் பின்னால் எதுவும் இல்லை.

அவள் முகம் மலர்ந்தது. "அண்ணாச்சி, காத்து வருது. கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

கீழேயிருந்து பாய் கத்தினார். "வாசகம், தண்ணி வருதாப்பா?"

படி முழுக்க ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். குழாயில் ஒன்றுமில்லை, விட்டுட்டு வா என்று அவளிடம் சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னால் அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும்.

"வருது பாய்" என்றேன். அவளிடம், "விட்டுறாத. இந்தா இப்ப வந்துரும்" என்றேன். பிறகு இறங்கினேன். அந்த நேரத்தில் படியில் இறங்க வழி இருந்தது. நானே இறங்கினேனே. கீழ்ப்படியை அடைந்து திரும்பிப் பார்த்தபோது புகை படியை மூடியிருந்தது. இருளம்மாள் இறங்கி வரவேயில்லை.

சக்கரத்தைத் தப்பான பக்கம் திருகியிருப்பாள் என்று தீயணைப்புக்காரர்களிடம் முதலில் சொன்னது நான்தான். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவள் புருஷன் சுடலை, ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தேடி வந்தார். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு, "அம்புட்டுப் பேரு முன்னால பொறுப்பா ஏத்துக்கிட்டா. கடைசியில திறக்கத் தெரியாமப் போச்சா அண்ணாச்சி" என்றார். தன் பெண்டாட்டியால் எங்களுக்கு நஷ்டம் வந்துவிட்டதுபோல வெட்கப்பட்டார்.

"பதட்டத்துல யாருக்கும் அப்படித்தான் ஆகும்" என்று தோளைத் தொட்டேன். அவர் கும்பிட்டார்.

அன்றிலிருந்துதான் இந்த நிலைகொள்ளாமை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கண்ணில் படும் குழாயை எல்லாம் திறந்து பார்க்கிறேன். காற்று வந்தால் தண்ணீர் வரும்வரை அங்கேயே நிற்கிறேன். சில இடங்களில் வெகுநேரமாகிறது. ஆட்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இப்போது இடிபாட்டை எடுக்கும்போது யாரோ சிவப்புக் குழாயின் மேல்முனையை அறுத்துப் பார்த்து, மூடி இருந்ததை உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மேசையில் நீங்கள் வைத்திருப்பது அதுதான். டேப்கூட இன்னும் மரைக்குள் வெள்ளையாக இருக்கிறது பாருங்கள். சொட்டுக்கூடக் கசிந்திருக்காது.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், குழாயில் தண்ணீர் இல்லையென்று எனக்குத் தெரியும். வரப்போவதில்லை என்பதும் தெரியும். தெரிந்துதான் அவளை நிற்கச் சொன்னேன். தப்பான பக்கம் திருகினாள் என்பது பொய். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுத முடியுமா என்று பாருங்கள். தீக்குப் பயந்து ஊர்விட்டு ஊர் வேலை மாறியவள் அவள். அந்தக் கடைசி நேரத்தில் அவள் முகத்தில் பயம் இல்லை. தண்ணீர் வருகிறதென்று நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. என்னால் முடிந்தது அதுதான்.